கையுறையைக் கழற்றச் சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ‘ஓட்டைக் கை’ என்று நான்கு பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தீர்கள். கீழே ஒரு படம். வலைக்குள் கிடக்கும் பந்தை எடுக்கக் குனிந்திருக்கும் கோல்கீப்பர். முகம் தெரியவில்லை. முதுகில் 1 என்ற எண் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கால்பந்து இறுதிப் போட்டி, 88-ஆவது நிமிடம், மழை, கைக்கே வந்த பந்து நழுவி உள்ளே போய்விட்டது. நடந்தது நடந்ததுதான். அதை எழுதாதீர்கள் என்று சொல்ல நான் யார்? கடைசி வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது: ‘36 வயதாகிவிட்டது. கையுறையைக் கழற்றி வைப்பதுதான் அவருக்கும் மரியாதை, அணிக்கும் மரியாதை.’

அவர் பெயரை இங்கே எழுதி இன்னொரு தடவை குத்த எனக்கு மனமில்லை. யாரென்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

நான் 1986 முதல் 1999 வரை 13 சீசன் தொழில்முறைக் கோல்கீப்பராக இருந்தவன். லீக்கில் ஆடியது 61 ஆட்டம். சீசனுக்கு ஐந்துகூடத் தேறாது. மீதிக் காலமெல்லாம் பெஞ்சில், மடியில் கையுறை. என் பெயர் பத்திரிகையில் இரண்டே முறைதான் வந்திருக்கிறது. இரண்டும் நான் கேவலமாகக் கோல் வாங்கிய மறுநாள். இரண்டு துண்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். மனக்குறை ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு வருகிறவன் இதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறான்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் ஓடுகிறவனுக்கு 30 தாண்டினால் கால் ஒரு எட்டு பிந்தும், உண்மை. அந்த அளவுகோலை அப்படியே கீப்பர் மேல் வைப்பதுதான் தப்பு. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். இதைப் பாய்ந்து பாய்ந்தே காப்பாற்றிவிட முடியாது. 22 வயதில் நான் எல்லாப் பந்துக்கும் பாய்ந்தேன். கூட்டம் கைதட்டும். எங்கள் கீப்பிங் கோச் மட்டும் கைதட்ட மாட்டார். “பாய்ஞ்சதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு எட்டு முன்னாடியே நகர்ந்திருந்தா பாயவே வேண்டியிருக்காதே” என்பார். எனக்குக் கோபம் வரும். அவர் சொன்னது உடம்பில் இறங்க எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது.

பந்து இருக்கும் இடத்திலிருந்து இரண்டு கம்பத்துக்கும் மனதுக்குள் கோடு போட்டு, நடுவில் நிற்க வேண்டும். ஒரு எட்டு முன்னால் வந்தால் அடிப்பவன் கண்ணுக்குக் கோல் சுருங்கும். கூட ஒரு எட்டு வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். அந்த நேரத்தில் கம்பம் எங்கே என்று திரும்பிப் பார்க்க முடியாது. கோலுக்கு முன்னால் இருக்கும் சின்ன பாக்ஸின் கோடு, பெனால்டிப் புள்ளி, இவற்றை ஓரக்கண்ணால் பார்த்தே முதுகுக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும் பந்து, அதாவது கிராஸ், வந்தால் இன்னும் பாடு. வெளியே போய் எடுப்பதா, கோட்டிலேயே நிற்பதா? போனால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும், பாதி வழியில் மனசு மாறக் கூடாது. எனக்கு அந்தத் தயக்கம் விட்டது 29 வயதில்.

இப்போது 36-க்கு வருகிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். 1978 உலகக் கோப்பையில் இத்தாலியின் கீப்பர் டினோ ஜோஃப். நெதர்லாந்துடனான ஆட்டத்திலும் பிரேசிலுடனான மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் தூரத்திலிருந்து அடித்த பந்துகள் அவரைத் தாண்டி உள்ளே போயின. இரண்டிலும் இத்தாலி 2-1 என்று தோற்றது. தூரத்துப் பந்து அவருக்குத் தெரிவதில்லை என்ற பேச்சு கிளம்பியது. அப்போது அவருக்கு வயது 36. உங்கள் கடைசி வரியை அன்றைக்கே எழுதியிருக்கலாம். அவர் கையுறையைக் கழற்றவில்லை. நான்கு வருஷம் கழித்து 1982-இல், பார்சிலோனாவில், பிரேசிலுக்கு எதிராக இத்தாலி 3-2 என்று முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்து கீழ்நோக்கி வருகிறது. ஜோஃப் இடப்பக்கம் விழுந்து அதைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்துவிட்டார். தட்டிவிட்டிருந்தால் எதிரே நிற்கிறவன் காலுக்குப் போயிருக்கும். பிடித்ததுதான் விசேஷம். ஆறு நாள் கழித்துக் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு 40 வயது. எனக்கு 16. அந்த விழுந்து பிடித்ததைப் பார்த்துத்தான் நான் கீப்பரானேன் என்றால் பெரிய பேச்சாக இருக்கும், ஆனால் அடுத்த நாள் நான் வேறு எந்த இடத்திலும் ஆட ஒப்புக்கொள்ளவில்லை.

ஜோஃப் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் புஃபோன் 1995-இல் 17 வயதில் முதல் ஆட்டம் ஆடி, 2023-இல் 45 வயதில்தான் விடை பெற்றார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் இறங்கி ஒரு பெனால்டியையும் தடுத்தார்.

அடுத்து அந்த ‘ஓட்டைக் கை’. கையுறையின் உள்ளங்கையில் இருப்பது லேட்டக்ஸ் நுரை. அது முழுக்கக் காய்ந்திருந்தாலும் பந்து வழுக்கும். அதனால்தான் நாங்கள் ஆட்டத்துக்கு முன்னால் லேசாக நனைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு எச்சிலையும் துப்பிக்கொள்வோம் (பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்). ஆனால் ஒன்றரை மணி நேர மழையில் அது ஊறி, சேறும் புல்லும் அப்பிவிட்டால் பிடிமானம் போய்விடும். மழை நாளில் என் கோல் வலைக்குள் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அதுவும் அரைமணி நேரத்தில் பிழிந்தால் சொட்டும். போதாக்குறைக்கு ஈரப்புல்லில் குத்தும் பந்து எழும்பாமல் சறுக்கி வேகம் எடுக்கும். நெஞ்சுக்கு வரும் என்று குனிந்தால் முழங்கைக்கு வரும்.

இது தெரியாத கீப்பரா ஆலிவர் கான்? 2002 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டிக்கு வரும் வரை ஜெர்மனி வாங்கியது ஒரே ஒரு கோல். யோகோஹாமாவில் அந்த இறுதியில் ரிவால்டோ அடித்த பந்து அவர் கையிலிருந்து தெறித்தது, ரொனால்டோ வந்து தட்டிவிட்டார், பிரேசில் 2-0 என்று வென்றது. அந்தப் போட்டித்தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து கானுக்குத்தான் கிடைத்தது. உலகக் கோப்பையில் அதை வாங்கிய ஒரே கீப்பர் அவர்தான். ஆனாலும் ஆட்டம் முடிந்த பிறகு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த படம்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

படம் என்றதும் இன்னொன்று. மைதானத்தில் குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்க வேண்டியது ஒருவன்தான். சிலர் எரிச்சலில் காலால் உதைத்து வெளியே தள்ளுவார்கள். நான் எப்போதும் கையால்தான் எடுப்பேன், மெதுவாக. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த நாலைந்து நொடி யாரும் உன் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிடலாம். உங்கள் புகைப்படக்காரர் பிடித்தது அந்த நாலைந்து நொடியைத்தான்.

அரையிறுதியில் பெனால்டிக்கு அவர் ‘மரம்போல நின்றார்’ என்றும் அதே செய்தியில் ஒரு இடி. 11 மீட்டர் தூரம், பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அடித்த பிறகு பார்த்துப் பாய நேரமில்லை, ஊகித்துத்தான் பாய வேண்டும். 286 பெனால்டிகளை வைத்து இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 93-க்கு மேல் கீப்பர்கள் இடமோ வலமோ பாய்ந்திருக்கிறார்கள். ஆனால் தடுக்க அதிக வாய்ப்பு நடுவில் அசையாமல் நின்றால்தான். பிறகு ஏன் பாய்கிறோம்? பாய்ந்து கோல் வாங்கினால் ‘பாவம், முயற்சி செய்தான்’ என்பீர்கள், நின்று வாங்கினால் ‘மரம்’ என்பீர்கள். அவ்வளவுதான் ரகசியம். அந்த ஆராய்ச்சியைப் படிக்கும் முன்பே இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் 13 சீசனில் நான் ஒருமுறைகூட நிற்கவில்லை. தைரியமில்லை. உங்கள் ‘மரம்’ என்னைவிடத் துணிச்சல்காரர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டிகளின்போது ஜெர்மனியின் லேமன் காலுறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று கீப்பிங் கோச் எழுதிக் கொடுத்தது. கடைசியாக அடிக்க வந்த காம்பியாஸோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. லேமன் அதற்கும் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார், பந்தையும் தடுத்தார். அந்தச் சீட்டுப் பிறகு தர்ம காரியத்துக்காக 10 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. 36 வயதுத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆமாம், லேமனுக்கும் அப்போது 36.

என் முதல் பத்திரிகைத் துண்டின் கதை இது. 1990 உலகக் கோப்பையில், ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி பந்தைக் கீப்பருக்கே திருப்பித் திருப்பித் தட்டி நேரத்தைக் கடத்தியது. அதற்கு மருந்தாக 1992-இல் சட்டம் வந்தது: தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. அது என் ஏழாவது சீசன். அதுவரை எனக்குக் கால் என்பது கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி மட்டும்தான். ஒரு ஆட்டத்தில் எங்கள் டிஃபெண்டர் பின்னால் தட்டினான். பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டேன். விரல் நுனி பந்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருக்கும்போது சட்டம் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, பதறி, இடக்காலால் உதைத்தேன். நேரே எதிரணி ஸ்ட்ரைக்கர் மார்பில் போய் விழுந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அடித்தான். அதற்கப்புறம் இரண்டு வருஷம், பயிற்சி முடிந்த பிறகு தனியாக நின்று சுவரில் இடக்காலால் அடித்தேன். இப்போதுள்ள கீப்பர்களுக்குச் சட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 2019 முதல் பெனால்டி அடிக்கும் கணத்தில் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும். 2025 முதல் பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். இதையெல்லாம் கற்றுக்கொண்டு தாண்டி வந்தவரைத்தான் பழசு என்கிறீர்கள்.

பெஞ்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீப்பர் வாழ்க்கையில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் அதிகம். மற்ற இடங்களில் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பேர் உள்ளே வெளியே போய்வருவார்கள். எங்களுக்கு ஒரே நாற்காலி. உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். ஆட்டத்துக்கு முன் முதல் கீப்பரின் கையைச் சூடேற்ற உதைத்துக் கொடுப்பது இரண்டாம் கீப்பரின் வேலை. ஒன்பது வருஷம் நான் ஒரே மனிதருக்கு உதைத்துக் கொடுத்தேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கைக்கு என்ன ஆனாலும் எனக்குத்தான் லாபம், ஆனாலும் எந்தப் பக்கம் விழும்போது அவருக்கு இடுப்பு வலிக்கும் என்று தெரிந்து அந்தப் பக்கம் குறைவாகவே அடிப்பேன்.

ஒரு நாள் கிராஸுக்கு எழும்பி, மோதி, கீழே விழுந்தவர் எழவில்லை. மருத்துவர் மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்பே நான் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றிக் கையுறையை மாட்டியிருந்தேன். நானாகச் செய்யவில்லை, கை செய்தது. ஒரு நிமிடத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து கையை அசைத்துவிட்டார். நான் மறுபடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். ஆட்டம் முடிந்து அறைக்குள் வந்ததும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கால் பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஏன்டா தம்பி, ஜிப்பைப் பாதியோட நிறுத்தியிருக்கக் கூடாதா? நான் சாகறதுக்குள்ள முழுசாக் கழட்டிட்டியே.” அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தக் காத்திருப்பு சிலருக்குப் பலிக்கவும் செய்கிறது. அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்டினெஸ் 2010-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்குச் சிறுவனாகப் போனவர். லோனில், அதாவது இரவலாக, ஆறு கிளப். முதல் கீப்பர் காயப்பட்ட பிறகுதான் 2020-இல் அவருக்குத் தொடர்ந்து ஆட இடம் கிடைத்தது, அப்போது 27 வயது. 2022 உலகக் கோப்பை இறுதியின் 123-ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்ததை இடக்காலை நீட்டித் தடுத்தாரே, அது பத்து வருஷம் பெஞ்சில் ஊறிய கால். எனக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை.

என் இரண்டாவது துண்டு, கடைசி சீசன். அண்ணன் போய், வேறொருவர் வந்து, அவரும் காயப்பட்டு, எனக்கு வரிசையாக நான்கு ஆட்டம் கிடைத்தது. நான்காவதில் அவர்களுடைய இடப்பக்க ஆட்டக்காரன் இரண்டு முறை எங்கள் டிஃபெண்டரைத் தாண்டி வந்து இரண்டு முறையும் தூரக் கம்பத்துக்குக் கிராஸ் போட்டான். மூன்றாவது முறை வந்தபோது நான் முந்திக்கொண்டு ஒரு எட்டு நடுப்பக்கம் நகர்ந்தேன். அவன் நியர் போஸ்டில், அதாவது அவனுக்குக் கிட்டே இருந்த கம்பத்துப் பக்கம், நான் விட்டுவந்த அந்த இடைவெளியில் அடித்தான். ‘தூங்கிய கீப்பர்’ என்று தலைப்பு. நான் தூங்கவில்லை, கொஞ்சம் அதிகமாக விழித்திருந்தேன்.

1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், மரக்கானா மைதானத்தில், பிரேசிலின் கீப்பர் பார்போசாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதேதான். உருகுவேயின் கிக்கியா முதலில் கிராஸ் போட்டுத்தான் ஒரு கோல் வந்திருந்தது. மறுபடி அதே பக்கம் வந்தபோது பார்போசா கிராஸை எதிர்பார்த்து நகர்ந்தார், கிக்கியா நியர் போஸ்டில் அடித்துவிட்டார். உருகுவே 2-1 என்று வென்றது. கொஞ்சம் கூடுதலாக யோசித்ததற்காக 2000-இல் இறக்கும் வரை 50 வருஷம் அந்த மனிதரை அந்தக் கோல் விடவில்லை. எனக்கு அந்த அளவுக்கு இல்லை. சீசன் முடிந்ததும் கிளப் மேலாளர் கூப்பிட்டார். கிளப் பெயர் இப்போது எதற்கு. மேஜைமேல் என் கோப்பு மூடியே இருந்தது. “33 ஆயிடுச்சு இல்ல? மரியாதையா முடிச்சுக்கலாம்” என்றார். உங்கள் கடைசி வரியில் வந்த அதே மரியாதை.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். அந்த நான்கு ஆட்டத்தில்தான் முதல்முறையாக எனக்குப் பந்து மெதுவாகத் தெரிந்தது. கிராஸ் கிளம்பும்போதே அது எங்கே இறங்கும் என்று தெரிந்தது. கத்தாமலே டிஃபெண்டர்களை நகர்த்த முடிந்தது. 13 வருஷம் கற்றுக்கொண்டு, கற்ற வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். வலக்கை மோதிர விரல் இரண்டு முறை இடம் விலகிச் சரியாக மடங்காமல் போய்விட்டது. சட்டையின் மேல் பொத்தானை இடக்கையால்தான் போடுகிறேன். அது பழகிவிட்டது.

ஆசிரியர் அவர்களே, இறுதிப் போட்டியை நான் கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பார்த்தேன், பழைய வழக்கம். 11-ஆவது நிமிடத்தில் உங்கள் 36 வயதுக்காரர் ஒரு கிராஸுக்குப் புறப்பட்டு, நாலு பேர் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். 43-இல் தனியாக வந்தவனுக்கு முன்னால் கடைசி வரை விழாமல் நின்று, அவனையே வெளியே அடிக்க வைத்தார். இதைத் ‘தவறவிட்ட வாய்ப்பு’ என்று ஸ்ட்ரைக்கர் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 71-இல் கீழ் மூலைக்குப் போனதை விரல் நுனியால் கம்பத்தில் உரசவிட்டார். உங்கள் செய்தியில் ‘கம்பம் காப்பாற்றியது’ என்று இருக்கிறது. இந்த மூன்றும் இல்லையென்றால் 88-ஆவது நிமிடத்துக்கு ஆட்டமே இருந்திருக்காது.

அடுத்த வாரப் பக்கத்தில் இந்த மூன்று நிமிடங்களையும் மூன்று வரியில் போடுங்கள். இடமில்லையென்றால் என் கடிதத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், என் சொந்தக் கதை முழுக்கப் போனாலும் பரவாயில்லை. ஜோஃப் பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். அவர் உங்கள் பத்திரிகை படிப்பவராம், ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இரண்டாம் கீப்பர்

பி.கு.: என் கடைசி வரியில் ‘அவர்’ என்றது உங்கள் படத்தில் குனிந்திருப்பவரை, ஜோஃபை அல்ல.